கண்ணில் படாத கட்டுரைகள்

நூலகத் தரவுத்தளம் ஒன்றில் இரண்டு சொற்களைத் தட்டினால் ஏதாவது வந்துவிடும். அந்த ‘ஏதாவது’தான் சிக்கல். ஒன்றுமே வராவிட்டால் தேடுகிறவர் யோசிப்பார், சொல்லை மாற்றிப் பார்ப்பார், நூலகரிடம் போய்க் கேட்பார். பத்துக் கட்டுரைகள் வந்து அவற்றில் எட்டு பொருத்தமாகவும் இருந்துவிட்டால், வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். வந்தவை எவ்வளவு நல்லவை என்பது திரையில் தெரிகிறது. வராமல் போனவை எத்தனை என்பது எங்கேயும் தெரிவதில்லை. ‘சர்ச் ஆபரேட்டர்’ என்று நூலகர்கள் சொல்லும் சில சின்னச் சொற்களையும் குறிகளையும் வேகமாகத் தேட உதவும் குறுக்குவழிகளாகச் சொல்லிக்கொடுப்பதுதான் இங்கே வழக்கம். அதனால்தான் அவற்றைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. என்ன தேடினோம், எதைத் தேடாமல் விட்டோம் என்பதை இன்னொருவர் சரிபார்க்கும்படி எழுதிவைப்பதற்கான மொழி அவை. ஆராய்ச்சி செய்கிற எவருக்கும் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

1985-இல் டேவிட் பிளேர், எம். ஈ. மாரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தச் சிக்கலை எண்களோடு காட்டியது. பெரிய வழக்கு ஒன்றில் பிரதிவாதித் தரப்பு வக்கீல்கள் சுமார் 40,000 ஆவணங்களை, அதாவது ஏறக்குறைய 3,50,000 பக்கங்களை, ஐபிஎம் நிறுவனத்தின் ‘ஸ்டேர்ஸ்’ என்ற தேடல் அமைப்பில் ஏற்றியிருந்தார்கள். வழக்குக்குத் தேவையான ஆவணங்களில் குறைந்தது 75 சதவீதமாவது கைக்கு வந்தாக வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. வந்துவிட்டது என்றே அவர்கள் நம்பவும் செய்தார்கள். ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது உண்மையில் வந்திருந்தது சராசரியாக 20 சதவீதம்தான். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டுகிறது: திரையில் வந்தவற்றில் 79 சதவீதம் பொருத்தமானவையாக இருந்தன. பார்த்ததெல்லாம் சரியாக இருந்ததால் பார்க்காததைப் பற்றிய சந்தேகமே எழவில்லை. விட்டுப்போனதற்குக் காரணம் சொற்கள். ஒரு விபத்தைப் பற்றித் தேடினால், சிலருடைய கடிதங்களில் அது ‘விபத்து’ என்றே இருக்கிறது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பியவர்களின் கடிதங்களிலோ அது ‘சம்பவம்’, ‘நிலைமை’, ‘பிரச்சினை’, ‘சிரமம்’ என்றெல்லாம் வேடம் மாறியிருக்கிறது.

அந்த வக்கீல்கள் பயன்படுத்தியதும் இதே ஆபரேட்டர்கள்தானே, அவை இருந்தும் 80 சதவீதம் விட்டுப்போனதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபரேட்டர்கள் சொற்களைத் தருவதில்லை. தேடுகிறவர் தரும் சொற்களைக் கோத்துக் கொடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. ஆனால் அந்த ஆய்வை நடத்த முடிந்ததே, எந்தச் சொற்களைக் கொடுத்தார்கள், எவற்றைக் கொடுக்கவில்லை என்பது அப்பட்டமாகப் பதிவாகியிருந்ததால்தான். ‘சம்பவம்’ என்ற சொல் விட்டுப்போனது என்று விரலை வைத்துச் சொல்ல முடிந்தது. தேடலின் குறையைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இந்த ஆபரேட்டர்களின் மூலவர் ஜார்ஜ் பூல். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1815-இல் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பெரும்பாலும் தானாகவே கணிதம் கற்று, 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பேராசிரியரானவர். மனிதர் யோசிக்கும் முறையைக் கணிதக் குறிகளால் எழுதிவிடலாம் என்று 1854-இல் ஒரு நூல் எழுதினார். அவர் வகுத்த தர்க்கத்திலிருந்து வந்தவைதான் ‘ஆண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ என்ற மூன்றும். இரண்டு சொற்களும் இருக்க வேண்டும் என்றால் ‘ஆண்ட்’. இரண்டில் ஒன்று இருந்தாலும் போதும் என்றால் ‘ஆர்’. இது இருந்தால் வேண்டாம் என்றால் ‘நாட்’. இவ்வளவு எளிது என்பதால் இவற்றின் பலம் பலருக்கும் உறைப்பதில்லை. பலம் முழுவதும் எதை எங்கே போடுகிறோம் என்பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரர் ஒருவரிடம் போக வேண்டும். சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் ஒரு நூலின் பொருளை ஒற்றைச் சொல்லாகப் பார்க்காமல் முகம் முகமாகப் பிரித்தார். எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று பிரித்துக் கேட்கப் பின்னாளில் சொன்னார். நல்ல தேடல் எழுதுகிற நூலகர் இன்றைக்கும் செய்வது கிட்டத்தட்ட அதைத்தான். கேள்வியை முகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பத்தியாக எழுதி, ஒரே பத்திக்குள் வரும் மாற்றுச் சொற்களை ‘ஆர்’ போட்டும், பத்திகளுக்கு இடையே ‘ஆண்ட்’ போட்டும் கோக்கிறார்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் டெங்கு பரவும் பருவங்களில் பப்பாளி இலைச் சாறு பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. அதைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று மருத்துவக் கட்டுரைகளின் மிகப் பெரிய இலவசத் தரவுத்தளமான பப்மெட்டில் தேடுவதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இதில் 3.7 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. கேள்வியில் இரண்டு முகங்கள் உறுதி: டெங்கு, பப்பாளி. முதல் பத்தியில் டெங்குவோடு, எலும்பு முறிவதுபோல் வலிப்பதால் அதற்கு வந்த பழைய ஆங்கிலப் பெயரான ‘பிரேக்போன் ஃபீவர்’ என்பதையும் மேற்கோள் குறிக்குள் சேர்க்கலாம். குறி போட்டால் அந்த இரு சொற்களும் ஒரே தொடராகத் தேடப்படும். இரண்டாவது பத்தியில் ‘பப்பாயா’, அதன் தாவரப் பெயரான ‘கேரிகா’, இவற்றோடு ‘பாவ்பாவ்’ ஆகியவை சேரும். ஆஸ்திரேலியாவிலும் இன்னும் சில நாடுகளிலும் பப்பாளிக்கு வழங்கும் பெயர் அது. வட அமெரிக்காவில் அதே பெயரில் முற்றிலும் வேறொரு மரம் இருக்கிறது. அதனால் பாவ்பாவ் என்று மட்டும் தேடினால் அந்த மரத்தைப் பற்றிய கட்டுரைகளும் கூட்டமாக வந்துசேரும். டெங்குப் பத்தியோடு ‘ஆண்ட்’ போட்டுக் கோத்ததும் அந்தக் கூட்டம் பெரும்பாலும் விலகிவிடும். ஒரு பத்தியில் தாராளமாக இருக்கலாம், அடுத்த பத்தி அதைக் கட்டுப்படுத்தும் என்பதுதான் இந்த அமைப்பின் அழகு.

மூன்றாவதாக, ரத்தத் தட்டணுக்களுக்கு ஒரு பத்தி சேர்க்கலாமா? சொல்லின் தண்டை எழுதி நட்சத்திரக் குறி போட்டால் அதன் எல்லா வால்களும் வந்துவிடும். ‘த்ராம்போசைட்’ வரை எழுதி நட்சத்திரம் வைத்தால் தட்டணு என்ற சொல்லும், தட்டணுக் குறைவைச் சொல்லும் ‘த்ராம்போசைட்டோபீனியா’வும் ஒருசேரக் கிடைக்கும். மலேசியாவில் 228 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, பப்பாளி இலைச் சாறு குடித்தவர்களுக்குத் தட்டணு எண்ணிக்கை வேகமாக ஏறியதாகச் சொல்கிறது. அது முதல் இரண்டு பத்திகளிலேயே அகப்படும். ஆனால் தட்டணு ஏறியதா என்பது ஒரு கேள்வி, நோயாளி பிழைத்தாரா, ரத்தக்கசிவு குறைந்ததா என்பது வேறு கேள்வி. மூன்றாவது பத்தியைச் சேர்த்த கணத்தில், இரண்டாவது கேள்வியை மட்டும் ஆராய்ந்த கட்டுரைகள் கண்ணில் படாமல் போகும் அபாயம் வருகிறது. ஒவ்வொரு ‘ஆண்ட்’டுக்கும் ஒரு விலை உண்டு. இரண்டு பத்திகளோடு தேடி, வந்த எண்ணிக்கை படித்துத் தீரக்கூடியதாக இருந்தால் மூன்றாவதைத் தொடாமல் விடுவதே நல்லது.

சொற்களை நாமே யோசித்து முடியாது என்பதற்காக நூலகர்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. மெஷ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மருத்துவத் தலைப்புப் பட்டியல் 1960-இல் தொடங்கியது. இன்று அதில் 30,000-க்கும் மேற்பட்ட தலைப்புகள் இருக்கின்றன. கட்டுரையை எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், பொருளைப் பார்த்து ஒரே தலைப்பின் கீழ் அது சேர்க்கப்படுகிறது. பிளேரும் மாரனும் கண்ட நோய்க்கு இது பாதி மருந்து. பாதி என்று சொல்லக் காரணம், புத்தம் புதிய கட்டுரைகள் பல தலைப்புச் சூட்டப்படாமலே தரவுத்தளத்துக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ போட்டுச் சேர்த்தே தேட வேண்டும்.

மூன்றில் மிகவும் பயந்து கையாள வேண்டியது ‘நாட்’. விலங்குகளிடம் செய்த சோதனைகள் வேண்டாம், மனிதர்களிடம் செய்தவை போதும் என்று ஒருவர் நினைக்கிறார். ‘நாட்’ போட்டு விலங்குகள் என்ற மெஷ் தலைப்பை எழுதுகிறார். வேண்டாததைத் தள்ளியதாக அவருக்கு நினைப்பு. ஆனால் அந்தப் பட்டியலில் மனிதர் என்ற தலைப்பு விலங்குகள் என்ற பெருந்தலைப்பின் கிளையாகவே இருக்கிறது. பப்மெட் ஒரு தலைப்பைத் தேடும்போது அதன் கிளைகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். ஆக, அவர் தேடிய மனித ஆய்வுகளே மொத்தமாக வெளியேறிவிடும். மனிதர்களையும் எலிகளையும் ஒரே கட்டுரையில் ஆராய்ந்தவையும் சேர்ந்து போகும். அதனால்தான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தேடல்களில் ஒரு சுற்றுவழி இருக்கும்: விலங்குகள் உண்டு, மனிதர் இல்லை என்ற தொகுதியை முதலில் அடைப்புக்குறிக்குள் கட்டி, அந்தத் தொகுதியை மட்டும் ‘நாட்’ போட்டுத் தள்ளுவார்கள். ஒரே வரியில் இரண்டு ‘நாட்’ வருவது பார்க்க வினோதமாக இருந்தாலும் அதுதான் சரி.

அடைப்புக்குறியின் அருமையும் இங்கேதான் தெரியும். ஒரே வரியை வெவ்வேறு தரவுத்தளங்கள் வெவ்வேறாகப் படிக்கின்றன. பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும். வெப் ஆஃப் சயின்ஸ் ‘ஆண்ட்’டை முதலில் முடித்துவிட்டு ‘ஆர்’ பக்கம் வரும். ஸ்கோபஸில் ‘ஆர்’ முந்திக்கொள்ளும். அடைப்புக்குறி போடாமல் எழுதிய தேடல் ஓரிடத்தில் சரியாக வேலை செய்து, இன்னோரிடத்தில் அர்த்தமே மாறிப்போகக் காரணம் இதுதான். அருகருகே வரும் சொற்களைக் கேட்கும் குறியும் ஊருக்கு ஊர் மாறும். பப்மெட்டில் அந்த வசதி வந்ததே 2022-இல்தான்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் கறாராகப் பொருந்தும். சிலப்பதிகாரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வி. ஆர். ராமச்சந்திர தீட்சிதர் 1939-இல் வெளியிட்டபோது நூலின் பெயர் ஆங்கிலத்தில் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கியது. அலென் தனியேலுவின் 1965 மொழிபெயர்ப்பில் ‘எஸ்’ஸை அடுத்து ‘எச்’ வருகிறது. ஆர். பார்த்தசாரதியின் 1993 மொழிபெயர்ப்பில் அது ‘சி’ எழுத்தில் தொடங்குகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அதைப் பின்பற்றும் நூலகங்களும் தமிழ்ப் பெயர்களை எழுதும் முறையில் சகரத்துக்கு ‘சி’, பகரத்துக்கு எப்போதும் ‘பீட்டர்’ என்பதில் வரும் முதல் எழுத்து, தகரத்துக்கு ‘எச்’ சேராத ‘டி’ என்பது விதி. நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் பாரதியாரைத் தேடினால், அந்த விதிப்படி பதிவான தமிழ்த் தலைப்புகள் அகப்படாது. நல்ல நூலகப் பட்டியல்களில் எல்லா வடிவங்களையும் ஒரே தலைப்பின் கீழ் சேர்த்துவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. கட்டுரைத் தரவுத்தளங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. எழுத்துக்கூட்டல்கள் அனைத்தையும் ‘ஆர்’ போட்டு எழுதுவதுதான் ஒரே பாதுகாப்பு. தமிழ் எழுத்திலேயே தேடினாலும் புணர்ச்சி குறுக்கே நிற்கும். ‘மர’ என்று எழுதி நட்சத்திரம் போட்டால் ‘மரம்’, ‘மரத்தின்’ இரண்டும் வரும். மரபும் மரணமும் மரகதமும் கூடவே வரும். ‘நெல்’ என்று எழுதி நட்சத்திரம் போட்டால் நெல்லை மாவட்டமும் நெல்லிக்காயும் வந்து நிற்கும். வேண்டிய நெற்பயிரும் நெற்களஞ்சியமும் வராது. ‘நெற்’ என்பதையும் தனியே கொடுத்து ‘ஆர்’ போட வேண்டும் என்பது இலக்கணம் தெரிந்தவருக்குச் சட்டென்று புரியும். இயந்திரத்துக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

இயந்திரம் இப்போது எல்லாவற்றையும் தானாகவே புரிந்துகொள்கிறதே, இதையெல்லாம் கற்க வேண்டுமா என்பது இன்று பரவலாகக் கேட்கும் கேள்வி. அதில் உண்மை இருக்கிறது. பப்மெட்டில் வெறும் சொல்லைத் தட்டினாலே அது இணையான மெஷ் தலைப்பைத் தேடிச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு துறையை முதன்முதலாக எட்டிப் பார்க்கிறவருக்கு அது போதும். மேற்கோள் குறியோ நட்சத்திரமோ போட்டால் அந்தத் தானியங்கி உதவி நின்றுவிடும் என்பதால், சில நேரம் குறி போடாமலிருப்பதே லாபம். ஆனால் பப்மெட் தான் சேர்த்த சொற்களை மேம்பட்ட தேடல் பக்கத்தில் வரிவடிவில் காட்டுகிறது. நாம் அதைப் படித்து ஏற்கலாம், திருத்தலாம். உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்கும்போது இந்த வசதி பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2023-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை மனுவில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகள் எவையும் கிடையாது என்று தெரிந்தபின் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டத் தரவுத்தளத்தில் ஒரு வரி தேடியிருந்தால் தெரிந்திருக்கும். மாற்றுச் சொற்களை யோசிக்க இந்தக் கருவிகளை உதவிக்கு அழைக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். விடை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும் இடத்தில் அவற்றை உட்கார வைக்கக் கூடாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் இல்லாததை எந்த ஆபரேட்டரும் கொண்டுவராது. 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வு ஒன்றில் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழி எடுத்துக்கொண்ட 24 வயதுத் தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் செயலிழந்து இறந்தார். நல்ல உடல்நலத்தோடு ஆய்வில் சேர்ந்தவர். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வை நடத்தியவர் பப்மெட்டில் தேடியிருந்தார். அன்று அந்தத் தரவுத்தளம் 1966 வரைதான் பின்னோக்கிச் சென்றது. அதற்கு முந்தையவை அச்சடித்த அட்டவணைகளில் இருந்தன. இது ஆபரேட்டர்களுக்கு எதிரான சான்றாகத் தோன்றலாம். நான் இதை எழுதிவைத்த தேடலுக்கு ஆதரவான சான்றாகவே பார்க்கிறேன். எந்தத் தரவுத்தளம், எந்த ஆண்டு முதல், எந்தச் சொற்கள் என்று ஒரு தாளில் எழுதி, அனுமதி தரும் குழுவின் முன் வைத்திருந்தால், 1966 என்ற எண்ணைப் பார்த்த யாராவது ஒருவர் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. நன்றாகத் தேடிவிட்டேன் என்று வாயால் சொன்னால் யாரும் எதையும் கேட்க முடியாது.

இதெல்லாம் நூலகர் வேலை, மாணவருக்கு எதற்கு என்பாரும் உண்டு. கடினமான தேடல்களை நூலகரோடு சேர்ந்து செய்வதே நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேள்வியை முகங்களாகப் பிரிப்பது கேள்வி கேட்பவரின் வேலை. அதை வேறு யாரும் செய்துகொடுக்க முடியாது. இதற்கு இப்போது அவசரமும் வந்திருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் 2025 ஜனவரி முதல் சுமார் 6,300 அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஒதுக்கியிருக்கும் தொகை 6,000 கோடி ரூபாய். மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசுக் கல்லூரி மாணவிக்கு இதுவரை கைக்கெட்டாத இதழ்கள் இப்போது அவருடைய கல்லூரிக் கணினியில் இருக்கின்றன. இரண்டு சொற்களைத் தட்டி முதல் பக்கத்தோடு எழுந்துவிடும் பழக்கம் தொடர்ந்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி வீண்.

நம் பல்கலைக்கழகங்கள் ஒரு விதியைக் கொண்டுவரலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. முனைவர் பட்டத்துக்கோ முதுகலைப் பட்டத்துக்கோ வரும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும், எந்தத் தரவுத்தளங்களில், எந்தத் தேதியில், எந்த வரியைக் கொடுத்துத் தேடினார் என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும். அந்த வரியை அப்படியே தட்டிப் பார்த்தால் தேர்வாளருக்கும் அதே முடிவுகள் வர வேண்டும். மருத்துவத்தில் ஆய்வுத் தொகுப்புகளை வெளியிடும் நல்ல இதழ்கள் இதை ஏற்கெனவே கேட்கின்றன. தமிழாய்வும் வரலாறும் சமூகவியலும் கேட்காமலிருக்க எந்தக் காரணமும் இல்லை. வழிகாட்டிகள் அடுத்த ஆய்வேட்டில் கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கட்டும்.